இரண்டு ஆறுகளுக்கு நடுவே

மணலி புதுநகர் நாளிதழில் இடம்பிடிப்பது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று காற்று மாசு, மற்றொன்று வெள்ளம். பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், இங்கே வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். 2015, 2021, 2023 என்று கொசஸ்தலை ஆறு தெருவுக்குள் ஏறிவந்த ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மழைக்காலம் போய்விட்டால் அந்த ஆறு எங்கே ஓடுகிறது, அதன் கரையில் எந்தெந்த ஊர்கள் இருக்கின்றன என்று கேட்பவர் அரிது. கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. தை மாதத்து விடியல் ஒன்றில் நண்பரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு வடக்கே கிளம்பினேன்.

தெற்கே கொசஸ்தலை, வடக்கே ஆரணி ஆறு, கிழக்கே கடலும் காயலும். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற நாட்டைத்தான் பார்க்க நினைத்தோம். மீஞ்சூர், ஞாயிறு, பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. எல்லாம் சிறிய ஊர்கள். பழவேற்காடு வரை நேராகப் போனால் சுமார் நாற்பது கிலோமீட்டர். திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலைதான் வழி. டி.பி.பி. சாலை என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

கிளம்பும்போது அய்யா கோயிலில் உகப்படிப்பு என்னும் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. தென்கோடியில் சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டருக்கு, வடசென்னையின் தொழிற்சாலைகளுக்கு நடுவில் இப்படி ஒரு தர்மபதி அமைந்ததற்குக் காரணம், பிழைப்பு தேடி இங்கே வந்து கடை வைத்த தென்மாவட்டத்து மக்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு உள்ளே போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தோளில் துண்டு போடவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலையிலேயே கட்டச் சொன்னவர் அவர். புரட்டாசித் திருவிழாவில் இந்தத் தெருக்களில் தேர் ஓடும். புதுநகர் என்று பெயர் இருந்தாலும் ஊருக்கு ஒரு நெஞ்சு உண்டென்றால் அது இந்த வாசல்தான்.

கோயிலைத் தாண்டிச் சற்று தூரத்தில் நாப்பாளையம் பாலம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்துகொண்டு போகின்றன. பைக்கை ஓரம் கட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தோம். அகன்ற ஆறு. நாணல், கோரை, கரையில் மேயும் எருமைகள், தண்ணீரில் அசையாமல் நிற்கும் கொக்குகள். கரையில் எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மழ வந்தா பயந்துக்கினு பாக்குறீங்க தம்பி, மத்த நாள்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல" என்றார். எங்களைத்தான் சொன்னார். ஊரில் எல்லோரையும் சேர்த்தும் சொன்னார்.

இந்த ஆற்றின் மேல்பகுதிக்கு நாங்கள் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இந்த நாட்டைப் பற்றி எழுத முடியாது. பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்ற கிராமம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863-ல் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் மனித இனத்தின் கை பட்ட மிகப் பழைய இடங்களில் ஒன்று, நம் வீட்டுக்குள் வெள்ளமாக வருகிற அதே ஆற்றின் வடிநிலத்தில் இருக்கிறது. சென்னை முறையாகக் குடிநீர் குடிக்கத் தொடங்கியதும் இதே ஆற்றால்தான். தாமரைப்பாக்கத்தில் இதன் தண்ணீரைத் தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பி, 1872 முதல் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பூண்டியில் 1944-ல் நீர்த்தேக்கம் எழுந்தது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆக, நகரம் இந்த ஆற்றின் மேல்பகுதியை எடுத்துக் குடித்தது. கீழ்ப்பகுதிக்கு என்ன கொடுத்தது என்பதைப் பாலத்தைத் தாண்டியதும் பார்க்கலாம்.

வல்லூர், அத்திப்பட்டு. வானத்தில் புகைபோக்கிகள், தரையில் நிலக்கரி கொண்டுபோகும் பட்டைகள், சாம்பல் குழாய்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்திலும் அதையொட்டிய தாழ்நிலத்திலும் எத்தனையோ ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. அலையாத்திச் செடிகள் நிற்கும் சேற்றில் இருளர் பெண்கள் கையாலேயே தடவி எறா பிடித்த இடங்கள் இவை. இப்போதும் பிடிக்கிறார்கள், கிடைப்பதுதான் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியது. எண்ணூர்க் குப்பங்களின் படகுகளும் வலைகளும் கருப்பாயின. மீனவர்கள் அந்த எண்ணெயைக் கையால் அள்ளி வாளியில் நிரப்பிய படங்களைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், சரி. அதன் கழிவையெல்லாம் ஒரே ஆற்றின் வாயில் கொட்டலாம் என்று யார் அனுமதி கொடுத்தது?

மீஞ்சூரில் காலை இட்லி. ரயிலடியை ஒட்டிய கடைத்தெருவில் பனங்கிழங்கும் கீரைக்கட்டுகளும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே வரதராஜப் பெருமாளும் இருக்கிறார், ஏகாம்பரேசுவரரும் இருக்கிறார். அதனால் ஊரை வடகாஞ்சி என்பார்கள். மீஞ்சூரின் இன்னொரு கதை தரைக்கு அடியில் இருக்கிறது. கொசஸ்தலையும் ஆரணியும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணலுக்குள் நல்ல தண்ணீர் தேங்கியிருந்தது. 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். விவசாயத்துக்கும் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே வந்து, கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்கு நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. டீக்கடையில் பேச்சுக் கொடுத்த விவசாயி ஒருவர், "எங்கப்பா காலத்துல முப்பதடியில தண்ணி. குடிச்சா இளநி மாதிரி இருக்கும். இப்ப போர் தண்ணில துணி துவைச்சாக்கூட நுரை வரமாட்டேங்குது" என்றார். அருகில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. பெருஞ்செலவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலை, நன்னீர் சும்மா கிடைத்த ஊரின் பக்கத்திலேயே வந்துவிட்டது.

மீஞ்சூருக்கு மேற்கே உள்ளே தள்ளி ஞாயிறு கிராமம். பெரிய சாலையிலிருந்து பிரிந்ததும் லாரிச் சத்தம் அறுந்துபோகிறது. இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. அறுவடை இயந்திரம் ஒரு வயலை முடித்துவிட்டு வரப்போரம் நிற்க, பின்னாலேயே மைனாக்களும் கொக்குகளும். சாலையிலேயே நெல் காய்ந்துகொண்டிருந்ததால் பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

ஞாயிற்றில் புஷ்பரதேசுவரர் கோயில். சூரியன் வழிபட்ட தலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வரும். நாங்கள் போன நேரத்தில் கோயில் முழுக்க எங்களுக்கே. ஆனால் என்னை இந்த ஊருக்கு இழுத்தவள் சங்கிலி. பெரியபுராணம் சொல்லும் சங்கிலியார் பிறந்த ஊர் இது. வேளாளர் வீட்டுப் பெண். நீங்கள் பேசும் திருமணம் வேண்டாம், இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று பெற்றோரிடம் சொல்லி, திருவொற்றியூருக்குப் போய்க் கன்னிமாடத்தில் இருந்தவள். அங்கே சுந்தரர் அவளைப் பார்க்கிறார். 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணக்கிறார். பிறகு திருவாரூர் நினைவு வந்து சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது, மற்றது திருவாரூரில். சுந்தரரின் கண்ணைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விட்டுவிட்டுப் போகப்பட்ட சங்கிலி அதன்பிறகு என்ன செய்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். அந்த மகிழ மரத்தடிச் சத்தியத்தை நினைவூட்டி, ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடக்கிறது, நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்த மணப்பெண்ணின் பிறந்த வீடு இத்தனை அருகில், இத்தனை அமைதியான நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. திருவொற்றியூரும் ஞாயிறும் பழைய தொண்டை மண்டலத்தில் ஒரே புழல் கோட்டத்தைச் சேர்ந்தவை. கோயிலில் பூத்தொடுக்கப் போன பெண்ணின் ஊர் இது என்று வழியில் ஒரு பலகை வைத்தால்கூடப் போதும், பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள்.

பொன்னேரிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆரணி ஆற்றின் கரையில் இருக்கிற தாலுகா ஊர். பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில தெருக்களில் மிச்சம் இருக்கின்றன, திண்ணைகளோடு. இங்கே ஊரை ஆள்வது இரண்டு கோயில்கள்: அகத்தீசுவரர் கோயிலும், திருஆயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும். சித்திரையில் பெருமாளுக்குத் திருவிழா நடக்கும்போது ஒரு நாள் இரவில் பெருமாள் கருடன்மேல் வருவார், அகத்தீசுவரர் தன் வாகனத்தில் எதிரே வருவார். ஹரிஹரன் கடைவீதியில் இருவரும் நேருக்கு நேர் நின்று சந்திப்பார்கள். 'சந்திப்பு' என்றே அதற்குப் பெயர். சுற்றுவட்டத்துக் கிராமமெல்லாம் அன்று பொன்னேரியில்தான். கடைவீதிக்காரர் ஒருவர், "ரெண்டு சாமியும் ஒரே பஜார்ல நிக்கும் சார். எங்க கடை வாசல்ல நின்னா ரெண்டு பக்கமும் தீபாராதனை எடுத்துக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னார். சைவ வைணவச் சண்டையைப் பற்றி எத்தனை புத்தகம் எழுதினாலும், ஒரு கடைத்தெரு இப்படித் தீர்த்துவைத்ததை நான் மதிக்கிறேன்.

ஆரணி ஆறு ஆந்திரத்திலிருந்து இறங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக இங்கே வருகிறது. பாலத்திலிருந்து பார்த்தால் நடுவில் தண்ணீர், ஓரங்களில் மணல், மணலில் கருவேலம். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து பவானியம்மனுக்கு வடசென்னை முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு போகும். பொங்கல் வைத்து வேப்பிலை கட்டி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அந்த அம்மனின் ஆறும் இதுதான்.

பழவேற்காட்டுச் சாலையில் திருப்பாலைவனம். அங்குள்ள சிவன் கோயிலின் விமானம் யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடம். சோழர் காலத்துக் கல்லும் கல்வெட்டும் நிழலில் குளிர்ந்து கிடந்தன. நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் சுற்றுப் பிரகாரத்தோடு திரும்பினோம். அதற்கே மனம் நிறைந்தது. அங்கிருந்து நெல்வயல் மெதுவாக மறைந்து, உவர்நிலமும் பனையும் வருகின்றன, காற்றில் உப்பு வாசனை ஏறுகிறது.

பழவேற்காடு.

சென்னைக்கு 1639-ல் ஆங்கிலேயர் நிலம் வாங்கியபோது, இந்த ஊர் உலக வணிகத்தின் வரைபடத்தில் ஏற்கெனவே நன்றாகப் பதிந்திருந்தது. அரபுக் கடலோடிகள், போர்த்துக்கீசியர், பிறகு டச்சுக்காரர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் தங்கள் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். 1690-ல் அது நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இங்கிருந்துதான் ஆட்சி. கோட்டைக்குள் நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து அரைத்தார்கள். சுற்றுப்புறத் தறிகளில் நெய்த துணியைக் கப்பலேற்றிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். பாளையக்காட்டு லுங்கியென்று இன்றும் பெயர் சொல்லி விற்கிறார்களே, அந்தத் துணியின் வேர் இங்கே. கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது.

டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. தளபதிகள், வணிகர்கள், அவர்களுடைய மனைவியர், பிறந்து சில மாதங்களில் போன குழந்தைகள். ஆப்ரஹாம் ரோஜர் என்ற பாதிரியார் 1630களில் இந்த ஊரில் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய அவருடைய நூல் 1651-ல் ஹாலந்தில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலில் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூல் வழியாகத்தான். இதைப் பழவேற்காட்டில் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிருந்து துணி மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள். 1640களின் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற தமிழர்களும் தெலுங்கர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கப்பலேற்றியவர்களுக்கு இங்கே செதுக்கிய கல்லறை இருக்கிறது. ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு நடுகல் இல்லை. அந்த வேலிக்கு வெளியே ஒரு கல்லையாவது அரசு நட வேண்டும் என்று நின்ற இடத்திலேயே தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைச் செம்பாறாங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். அதில் விரலளவு உருவங்களாக ராமாயணக் காட்சிகள், குனிந்து தேடித்தேடிப் பார்க்க வேண்டும். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் அரபுத் தமிழில் எழுதிய பழைய ஏடுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். திண்ணையில் பனையோலைக் கூடை பின்னிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கை நிறுத்தாமல் பேசினார். சாயமேற்றிய ஓலையில் அவர் பின்னிய சிறு பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஏரிக்கரைச் சந்தையில் மடவை, கொடுவா, எறா, பச்சை நண்டு. "ஏரி நண்டு தம்பி, பாரு கையை எப்படித் தூக்குது. கடல் நண்டுக்கு இந்த ருசி வராது" என்றார் மீன்காரம்மா. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். சுமார் 450 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி ஆந்திரத்தில். ஆரணி ஆறு இதில்தான் கலக்கிறது. மீனவர்களிடம் இங்கே பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரிக்குள் எறா வலை கட்டும் இடங்களை ஊர்களுக்குள்ளும் தலைக்கட்டுகளுக்குள்ளும் முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை, கெட்ட இடமும் இல்லை. பொதுவளத்தை எப்படிப் பங்கிடுவது என்று பல்கலைக்கழகங்களில் இருந்து வந்து இதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறைக்குள் இடம் கிடைக்காத சமூகங்களும் ஏரியை நம்பித்தான் இருக்கின்றன. அவர்களுடைய குறையையும் கேட்காமல் அதை முழு நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

அண்ணாமலைச்சேரிப் பக்கம் போனபோது தூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். ஆயிரக்கணக்கில் தலையைக் கவிழ்த்து ஆழமில்லாத நீரில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கூட்டம் எழும்பியபோது சிறகின் உள்சிவப்பு விரிந்தது. நண்பர் மணலியில் பிறந்து வளர்ந்தவர், தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறார். பேச்சில்லாமல் வெகுநேரம் நின்றார்.

இந்தக் காயலையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பிறகு பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீட்டிய கால்வாய். விறகும் உப்பும் இதில் படகேறி வந்த காலம் போய்விட்டது. ஆனால் தண்ணீர் இன்னும் அதே வழியைத்தான் தேடுகிறது. எண்ணூரில் சேரும் சாம்பலும் எண்ணெயும் பழவேற்காட்டுக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் ஏரியில் உப்பும் மீனும் கணக்குத் தவறும் என்று மீனவர்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். இரண்டு நீர்நிலைகளுக்கும் நடுவில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தபோது, பழவேற்காடு முதல் எண்ணூர் வரை குப்பங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் சொல்வது சரி. இரண்டு ஆறுகளும் கடலில் சேரும் இடங்களை அடைத்துவிட்டு, மணலி புதுநகரில் வெள்ளம் ஏன் வடியவில்லை என்று கேட்பது முறையாகாது. மணலிக்காரர்களும் அவர்களோடு நிற்க வேண்டும். அது மீனவர் பிரச்சினை என்று ஒதுங்கினால் தண்ணீர் நம் வாசலுக்குத்தான் வரும்.

போக நினைப்பவர்களுக்கு: கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் நிற்கும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. பூநாரைகளைப் பார்க்க மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். பொன்னேரிச் சந்திப்பைப் பார்க்கச் சித்திரையில் வாருங்கள். கோயில்கள் நண்பகலில் சாத்திவிடுவார்கள், ஞாயிற்றையும் பொன்னேரியையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏரியில் படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே பாருங்கள், மீனைச் சந்தையில் அந்த அம்மாக்களிடமே வாங்குங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.